அனிமே தொடரின் தமிழ் சப்டைட்டில் டிவியில் உடைந்து தெரிகிறது, வழி சொல்லுங்கள்

என் மகளுக்காக ஒரு பழைய அனிமே தொடருக்கு நானே தமிழில் சப்டைட்டில் எழுதி வருகிறேன். கணினியில் விஎல்சி பிளேயரில் அச்சுப் போலத் தெளிவாக வருகிறது, அதே கோப்பை பென்டிரைவில் போட்டு டிவியில் ஓட்டினால் எழுத்தெல்லாம் சிதைந்துவிடுகிறது. 'கே' என்பதில் கொம்பு முன்னால் வராமல் 'க'வுக்குப் பின்னால் போய் நிற்கிறது, 'கொ' வரும் இடத்தில் நடுவே புள்ளி வட்டம். ஆங்கில சப்டைட்டில் சரியாகவே வருகிறது. அவள் இப்போதுதான் வேகமாகத் தமிழ் படிக்கத் தொடங்கியிருக்கிறாள், தப்பான எழுத்தைப் பார்த்துப் பழகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

டிவி 2019 மாடல், 43 அங்குலம், ஆண்ட்ராய்டு இல்லை, அதனால் வேறு பிளேயர் செயலி நிறுவ முடியாது. வீடியோ எம்கேவி (MKV) கோப்பு, சப்டைட்டில் எஸ்ஆர்டி (SRT), அதாவது வசனமும் நேரமும் மட்டும் உள்ள எளிய எழுத்துக் கோப்பு. போன மாதத்திலிருந்து இதோடு போராடுகிறேன்.

சப்டைட்டிலை யுடிஎஃப்-8 (UTF-8) என்ற யூனிகோட் குறியீட்டு முறையில் சேமித்தேன், அதைக் காட்டக் கோப்பின் தொடக்கத்தில் வைக்கும் பிஓஎம் (BOM) குறியைச் சேர்த்தும் சேர்க்காமலும் பார்த்தேன். எழுத்துருவையும் குறிப்பிடக்கூடிய ஏஎஸ்எஸ் (ASS) சப்டைட்டில் வடிவத்துக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை எம்கேவி கோப்புக்குள்ளேயே இணைத்தேன், டிவி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வசனத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்தேன். அது வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு எபிசோடையும் மறுபடி என்கோட் செய்ய (வீடியோவையே புதிதாகச் சுருக்கிச் சேமிக்க) வெகு நேரமாகிறது, மெல்லிய கோட்டு ஓவியங்களும் மங்கிப்போகின்றன.

எழுத்தைப் படமாகவே வைக்கும் பிஜிஎஸ், வோப்சப் வகை சப்டைட்டிலாகத் தமிழை மாற்றி இப்படிப்பட்ட டிவியில் ஓட்டியவர்கள் இருந்தால், எந்த வகை சரியாகத் தெரிந்தது?