ஆபரேஷனுக்கு அப்புறம் யாருக்கு எவ்வளவு வலிக்கும்? பார்த்தவர்கள், பட்டவர்கள் சொல்லுங்கள்

தக்கலை நர்ஸ்:
நாகர்கோவிலில் சர்ஜரி வார்டில் வேலை. ஆளின் உடம்பையும் தையலின் நீளத்தையும் வைத்து வலியைக் கணிக்கிற பழக்கம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளச்சல் பக்கம் கடல் தொழில் செய்கிறவர் ஒருவர், நல்ல தாட்டியான ஆள், மூலத்துக்கு ஆபரேஷன். மறுநாள் கட்டில் கம்பியைப் பிடித்த கையை விடவே இல்லை. பக்கத்து வார்டில் கர்ப்பப்பை எடுத்த பாட்டி, வயிற்றில் அத்தனை நீளத் தையலோடு, சாயா எப்போ தருவீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

2013ல் ஜெர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. 105 மருத்துவமனைகள், 50,523 நோயாளிகள். ஆபரேஷனுக்கு மறுநாள் அதிகபட்ச வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை எண் கேட்டார்கள். மூலம், குடல்வால், டான்சில் என்று நாம் ‘சின்னது’ என்கிற ஆபரேஷன்களிலும் பெரிய எண்கள் வந்தன. சின்னதுதானே என்று வலி மருந்தைக் குறைப்பதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நான் கேட்பது வேறு. ஏற்கெனவே வலி இருந்ததா, தூக்கம் எப்படி, பயம் எவ்வளவு? வயசும் பார்ப்பேன். பொதுவாக இளவட்டங்களுக்குத்தான் வலி கூடுதல்.

குலசேகரம் மகள்:
அம்மா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. முழங்கால் மாற்று ஆபரேஷன். முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து சுகர், பிரஷர் எல்லாம் கேட்டுவிட்டு, “வலி வந்தா இது தீரவே தீராதுன்னு தோணுமா? வேற எதையும் நினைக்க முடியாம போகுமா?” என்றார். அம்மா என்னிடம், “இவரு என்ன மக்ளே, வக்கீலு மாதிரி கேக்காரு?” என்றாள். வலியை நினைத்து மனசு எவ்வளவு பதறுகிறது என்று அளக்க 1995ல் உருவான 13 கேள்விப் பட்டியல் அது, மொத்தம் 52 மதிப்பெண் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். அம்மா பாதிக்கு மேல் ‘ஆமா’தான் சொன்னாள். வருஷக்கணக்காக வலித்த கால் ஆச்சே.

அதனால் தொடையில் நரம்பு மரக்கிற ஊசியும் சேர்த்துப் போட்டார்கள். முதல் ராத்திரி நன்றாகத் தூங்கினாள். மரப்பு விட்டபிறகு பிசியோ நடக்க வைத்தபோது போட்ட சத்தம் கீழ்மாடி வரை கேட்டிருக்கும். அப்படி வலிக்கும் என்று முன்னமே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

மார்த்தாண்டம்:
எனக்கு சிசேரியன். முதுகுவலிக்கு ரொம்ப நாளாக மாத்திரை போடுகிறேன் என்று சொன்னேன், யாரும் குறித்துக்கொள்ளவில்லை. வலிக்குது என்றால் “எல்லாருக்கும் இப்படித்தான்”. அக்கா, எண் கேட்டால் கூட்டிச் சொன்னால் தப்பா நினைப்பாங்களா?

தக்கலை நர்ஸ்:
தங்கச்சி, கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். சும்மா படுத்திருக்கும்போது ஒரு எண், இருமும்போதும் எழும்பும்போதும் ஒரு எண், இரண்டையும் சொல்லுங்க. முதல் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு போனால் திரும்பக் கூப்பிடுங்க. அப்புறம், வழக்கமாகப் போடுகிற மாத்திரை அட்டையை மயக்க டாக்டர் கையிலேயே கொடுங்க.