பாட்டில்நெக்குக்குத் தமிழில் என்ன? வியாழக்கிழமைக்குள் வேண்டும்

காரைக்குடி, திங்கள் இரவு

மடற்குழு அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். வீட்டில் கிடக்கும் பழைய கணினியை, கையில் இருக்கும் காசுக்குள், விளையாட்டுக்கு ஏற்றபடி தேற்றுவது எப்படி என்பதுதான் பாடம். பதினாறு பக்கக் கையேடு, வியாழன் மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். எல்லாம் தமிழாகிவிட்டது, ஒரு சொல்லைத் தவிர. பாட்டில்நெக். ஒரு பாகம் போதாமல் மற்ற பாகங்களையும் காக்க வைக்கும் இடம். பதினான்கு இடத்தில் வருகிறது. இப்போதைக்கு 'முட்டுக்கட்டை' என்று போட்டு வைத்திருக்கிறேன். சரிதானா?

கோட்டையூர், திங்கள் இரவு

டீச்சர், முட்டுக்கட்டை வேண்டாம். போன வாரம் ஒரு பையன், சேர்த்து வைத்த காசோடு என் கணினிக் கடைக்கு வந்து ஆர்எக்ஸ் 6600 கார்டு, அதாவது திரைக்குப் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு, கேட்டான். அவனிடம் இருப்பது 2013-இல் வந்த ஐ5 4570 ப்ராசஸர், கணினியின் மூளை. அதில் கணக்குப் போடும் பகுதி, அதாவது கோர், நாலு. கூடவே 8 ஜிபி ராம் ஒரே குச்சியாக, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. அவன் ஆடும் ஆட்டத்தையே கடையில் ஓடவிட்டுப் பார்த்தேன். எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் நாலு கோரும் நூறு சதவீதத்தைத் தொட்டு நிற்கின்றன, கார்டு அறுபதில் காற்று வாங்குகிறது. கார்டின் வேலையைக் குறைக்கத் திரை அளவை 1080-லிருந்து 720-க்கு இறக்கினேன். ஃபிரேம், அதாவது நொடிக்குத் திரையில் வரும் படம், ஒன்றுகூட ஏறவில்லை. அப்படியென்றால் கார்டு மேல் குற்றமில்லை, அதற்குத் தீனி போட ப்ராசஸரால் முடியவில்லை. புதுக் கார்டு வாங்கியிருந்தால் அது முப்பதில் காற்று வாங்கியிருக்கும், அவ்வளவுதான்.

இந்த ப்ராசஸரை முட்டுக்கட்டை என்றால், எடுத்து எறிந்துவிட்டால் தேர் ஓடிவிடும் என்று பையன் நினைப்பான். அதுவும் வேலைதான் செய்கிறது, பாவம். போதவில்லை. பாட்டில்நெக் என்றே போடுங்கள், எல்லாருக்கும் தெரியும்.

தேவகோட்டை, செவ்வாய் காலை

தம்பி காட்டிய பொருள் வேறுபாடு சரி, முடிவு தவறு. புட்டியே நம்முடையதல்ல, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நாம் ஏன் அழ வேண்டும்? தொண்டையைக் குறிக்கும் 'மிடறு' இருக்கிறதே. எழுத்து பிறக்கும் விதத்தைச் சொல்ல வந்த தொல்காப்பியர், உந்தியில் கிளம்பும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிற்பதைச் சொல்கிறார். ஈசன் நீலமிடற்றன் ஆனதும் நஞ்சு அந்த இடத்தில் நின்றதால்தான். வயிறு எவ்வளவு பெரிதானாலும் இறங்க வேண்டியது அந்த இடுக்கு வழியாகத்தான். மிடைதல் என்றால் நெருங்குதல். மிடறும் அதே வேர் என்பது என் எண்ணம். மிடா, மிடி, மிடுக்கு வரை இந்த வேரைக் கொண்டுபோக முடியும். மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

சிங்கப்பூர் (சொந்த ஊர் கண்டனூர்), செவ்வாய் மதியம்

ஐயா, மன்னிக்க வேண்டும். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா', ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பளிச்சென்று தெரியாது என்று உரியியலில் சொன்னவரும் அதே தொல்காப்பியர்தான். மிடி என்றால் வறுமை. காசில்லாமல் கணினி தேற்றுகிறவனுக்கு அது பொருந்தும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 'ஒரு மிடறு தண்ணீர்' என்றால் இன்றைக்கு அது அளவு. எந்தப் பிள்ளையும் தொண்டையை நினைக்காது.

அப்புறம் டீச்சர், ப்ராசஸருக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? 'செயலி' என்றால் ஆபத்து. மொபைல் ஆப்புக்கும் இப்போது அதே சொல்தான். 'செயலி பழையதானால் மாற்றுக' என்பதைப் படித்துவிட்டு ஒருவன் ப்ளே ஸ்டோரைத் திறப்பான்.

காரைக்குடி, செவ்வாய் மாலை

ஐயோ. செயலி என்றுதான் இருந்தது, இருபத்திரண்டு இடத்தில். எல்லாவற்றையும் 'ப்ராசஸர்' ஆக்கிவிட்டேன். செயலியைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன், இங்கே வேண்டாம்.

தேவகோட்டை, செவ்வாய் மாலை

தொடங்கவில்லை. ஆனால் 'ப்' என்று மெய்யில் ஒரு சொல் தொடங்கலாமா? 'பிராசசர்' என்றாவது எழுதுங்கள். வடசொல்லையே வடவெழுத்தை நீக்கித்தான் வீட்டுக்குள் விட்டார்கள்.

பள்ளத்தூர், செவ்வாய் இரவு

நான் கணினி தெரிந்தவள் இல்லை, பேரன் படித்துக் காட்டினான். தம்பி சொன்னதைக் கேட்டதும் எங்கள் வீட்டு வளவுதான் நினைவுக்கு வந்தது. நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து ஒரே தூம்பு வழியாக வெளியே போக வேண்டும். கை நுழையும் அளவு ஓட்டை. ஐப்பசி மழைக்கு முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், அண்டா குண்டாவை எல்லாம் தூக்கி மேலே வைப்போம். ஒரு வருஷம் கொத்தனாரை வைத்து அந்தத் தூம்பைப் பெரிதாக்கினோம். முற்றம் வடிந்தது. அடுத்த மழைக்கு இரண்டாங்கட்டுக் கால்வாயில் முட்டிக்கொண்டு நின்றது. அதையும் அகலப்படுத்தினோம். பிறகு தெருச் சாக்கடையில் நின்றது. அதை நாம் என்ன செய்ய? சொல்தான் வேண்டுமென்றால் 'குறுந்தூம்பு' என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோட்டையூர், செவ்வாய் நள்ளிரவு

ஆச்சி, அதேதான்! அந்தப் பையனுக்குப் பழைய ஐ7 4770 ஒன்று கிடைத்தது. அதே போர்டில் உட்காரும், நாலு கோர்தான், ஆனால் எட்டு த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலையை ஏற்கும். கூடவே இன்னொரு 8 ஜிபி குச்சி. ஒரு குச்சியென்றால் ராமுக்குப் பாதை 64 பிட், இரண்டு போட்டால் 128. மாட்டி ஓடவிட்டதும் கார்டு 98-க்குப் போய்விட்டது. இப்போது கார்டுதான் இடுக்கு. நாளைக்கு அதை மாற்றினால் அவன் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், நொடிக்கு அறுபது ஃபிரேமுக்கு மேல் காட்டாது. அதுதான் தெருச் சாக்கடை. ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி போடலாமா என்றும் கேட்டான். ஆட்டம் சீக்கிரம் திறக்கும், ஃபிரேம் பெரிதாக ஏறாது என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனால் ஒன்று. வளவு பார்த்த பிள்ளைகளுக்குத் தூம்பு தெரியும். அபார்ட்மெண்டில் பிறந்தவனுக்கு? என் ஓட்டு பாட்டில்நெக்குக்கே.

தேவகோட்டை, புதன் காலை

குறுமை, தூம்பு: குறுந்தூம்பு. புணர்ச்சி சரி. ஆச்சியின் காதுக்கு வணக்கம். ஆனால் தூம்பு என்பது சங்க காலத்தில் ஓர் ஊதுகருவியும்கூட. அதன் ஒலியை மலைபடுகடாம் யானையின் பெருமூச்சோடு ஒப்பிடுகிறது. ஆகவே அச்சொல்லைக் கணினி விசிறியின் இரைச்சலுக்கு ஒதுக்கிவிட்டு, இதற்கு மிடறையே

சிங்கப்பூர், புதன் காலை

ஐயா, மடல் பாதியில் நின்றுவிட்டது. மிடற்றில் சிக்கியிருக்கும்.

காரைக்குடி, வியாழன் மதியம்

எண்ணிவிட்டேன். குறுந்தூம்புக்கு நான்கு, பாட்டில்நெக்குக்கு இரண்டு, மிடற்றுக்கு ஒன்று. முதல் இடத்தில் மட்டும் 'கடையில் பாட்டில்நெக் என்பார்கள்' என்று ஒரு வரி சேர்த்து, பதினான்கு இடத்திலும் குறுந்தூம்பு. ஆச்சியின் வளவுக் கதையை மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுகிறேன், அவர்கள் சம்மதித்துவிட்டார்கள். அச்சகத்துக்குக் கிளம்புகிறேன்.

காரைக்குடி, சனி இரவு

கட்டு வந்து சேர்ந்தது. பதினான்கு இடத்திலும் 'குறுந்துாம்பு' என்று, து-வுக்குப் பக்கத்தில் துணைக்கால் போட்டு அச்சாகியிருக்கிறது. காலையில் வகுப்பு. பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், இதுவரை பதினொரு படி முடிந்தது.

தேவகோட்டை, சனி இரவு

மிடறு என்றால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.