கற்பித்தல் பயிற்சி மேற்பார்வை: எங்க சறுக்குது? கண்டதைப் பகிருங்கோ

வண்ணை வாத்தியார்

மேற்பார்வைக்குப் போறவை, வகுப்பைக் கொடுத்து உதவுற பாட ஆசிரியர்மார், முறையியல் (ஒரு பாடத்தை எப்படிக் கற்பிக்கிறது எண்டது) படிப்பிக்கிறவை எண்டு எல்லாரும் இங்க இருக்கிறியள். கற்பித்தல் பயிற்சியில எது சறுக்குது, ஏன் சறுக்குது எண்டதை எழுதுங்கோ. "நல்லா ஆயத்தப்படுத்துங்கோ" மாதிரியான பொதுப் புத்திமதி வேண்டாம்.

தொடங்க முதல் ஒண்டு. எல்லாரையும் ஒரே தராசில நிறுக்கேலாது. கோப்பாய் கல்வியியற் கல்லூரிப் பிள்ளை இரண்டு வருசம் விடுதியில நிண்டு படிச்சு, மூன்றாம் வருசம் கட்டுறு பயில்வுக்கு, அதாவது பள்ளிக்கூடத்தில நிண்டு பழகிற பயிற்சிக்கு வரும். பட்டதாரிக்கு அநேகமா நியமனம் முதல், பயிற்சி பிறகு. யாழ். பல்கலைக்கழகக் கல்வித்துறைக்கோ கொக்குவில் திறந்த பல்கலைக்கழக நிலையத்துக்கோ பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு வரேக்கை அவர் ஏற்கெனவே வகுப்பெடுக்கிற ஆள். புதுசாப் பழக்கிறதை விட, ஊறிப்போனதை மாத்திறதுதான் அங்க கூட வேலை.

பாடக்குறிப்பு

குறிப்பில 40 நிமிசம் எண்டு எழுதுவினம். கையில கிடைக்கிறது 33, மிஞ்சினால் 35. வகுப்பு மாறுறது, வணக்கம், முந்தின பாடத்தின்ர கொப்பியை உள்ள வைக்கிறது எல்லாம் அதுக்குள்ளதான். 40ஐயும் நிரப்பி எழுதினவருக்குக் கடைசி மதிப்பீடு எப்பவும் மணியோட போய்விடும். பிரவேசம் (பாடத்தைத் தொடங்குறது) 5, செயற்பாடு 12, பிள்ளையள் சமர்ப்பிக்க 8, தொகுத்துச் சொல்ல 5, மதிப்பீடு 3 எண்டு 33க்குள்ள எழுதிப் பாருங்கோ.

அடுத்தது கற்றற்பேறு, பாடம் முடியப் பிள்ளை என்ன செய்யும் எண்டு எழுதுறது. "விளங்கிக்கொள்வர்", "அறிந்துகொள்வர்" எண்ட சொல்லுகளை வெட்டுங்கோ. பிள்ளை விளங்கினதை நீங்கள் எப்படிப் பார்ப்பியள்? "இரண்டையும் வேறுபிரித்துக் காட்டுவர்", "மூன்று காரணங்களை எழுதுவர்" எண்டால் மணி அடிக்க முதல் சரிபார்க்கலாம். ஒரு பாடத்துக்கு இரண்டு பேறு போதும். ஐந்து எழுதியிருந்தால் ஆசிரியர் வழிகாட்டியைப் பார்த்து எழுதினது எண்டது முதல் பக்கத்திலேயே தெரிஞ்சிடும். 2007 சீர்திருத்தத்தோட வந்த ஐந்து படிநிலை மாதிரியும் (ஈடுபடுதல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல்) அப்படித்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஐந்து தலைப்பையும் போட்டுக் கட்டாயமா நிரப்பினால் கண்டறிதல் எண்ட இடத்தில பிள்ளையள் ஒண்டையும் கண்டறியாயினம். ரீச்சர் சொன்னதைத்தான் பெரிய டிமைத் தாளில பிரதிபண்ணி ஒட்டுவினம்.

கணக்கு ரீச்சர்

முறையியல் வகுப்பில குறைவாக் கதைக்கிற விசயம், பிள்ளை விடப்போற பிழையை முன்கூட்டியே எழுதிவைக்கிறது. பாடக்குறிப்பில அதுக்கு ஒரு நிரலே இல்லை. கையால கோடு கீறியெண்டாலும் போடச் சொல்லுங்கோ.

பின்னக் கூட்டலை எடுங்கோ. 1/2 + 1/3 = 2/5 எண்டு எழுதுற பிள்ளை எந்த வகுப்பிலயும் இருக்கும். பயிலுநர் (பயிற்சியில இருக்கிற ஆசிரியர்) உடனே "பிழை, பொதுப் பகுதி எடு" எண்டு சொல்லி 5/6ஐ எழுதிவிடுவார். பிள்ளை பார்த்து எழுதும். அடுத்த கணக்கில திரும்ப 2/5 வரும். மேலையும் மேலையும், கீழையும் கீழையும் கூட்டுறது அதுக்கு நியாயமாத்தான் படுது, அந்த நியாயத்தை ஒருத்தரும் உடைக்கேல்லை.

12 சென்ரிமீற்றர் நீளத்தில கடதாசிக் கீலம் வெட்டிக் கொடுங்கோ. அரைவாசி 6, மூன்றிலொண்டு 4, இரண்டும் சேர்ந்தால் 10. முழுக்கீலம் 12, ஆகவே 10/12, சுருக்கினால் 5/6. அதோட நிப்பாட்டாதேங்கோ. 2/5 எண்டால் எவ்வளவு எண்டு அளக்கச் சொல்லுங்கோ: 4.8 வரும். தனி அரைவாசியே 6 ஆச்சே, அதோட இன்னொண்டைக் கூட்டினால் எப்படிக் குறையும்? அந்தக் கேள்வியைப் பிள்ளையே கேட்கும். கீலம் 10 சென்ரிமீற்றரில வெட்டினால் மூன்றிலொண்டு 3.33 ஆகி வகுப்பு குழம்பும். அளவைத் தேர்றதும் ஆயத்தம்தான்.

மேற்பார்வைக்காரர்

கரும்பலகை. மூண்டாப் பிரிக்கச் சொல்லுறது: இடப்பக்கம் திகதி, அலகு, தலைப்பு, நடுவில பாடம் வளருற இடம், வலப்பக்கம் அழிச்செழுதிற இடம். இடமும் நடுவும் மணி அடிக்கும்வரை அழியக்கூடாது. அநேகமானவை நடுவைத்தான் முதல் அழிப்பினம், பிறகு தொகுத்துச் சொல்ல ஒண்டும் இருக்காது. எழுத்து 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்கட்டும். எங்கட அரைச்சுவர் வகுப்பறையளில காலமை வெயில் பலகையில பட்டு மினுங்கும். பாடத்துக்கு முதல் பின்வாங்கின் இரண்டு அந்தத்திலயும் இருந்து பாருங்கோ. புது வெண்கட்டி கீச்சிட்டால் பாதியா முறியுங்கோ.

கேள்வி கேட்கிறது இதைவிட மோசம். பேரைச் சொல்லிப்போட்டுக் கேள்வியைக் கேட்டால் மற்ற 35 பேரும் யோசிக்கிறதை விட்டிடுவினம். கேள்வி முதல், பிறகு இடைவெளி, பிறகு பேர். அந்த இடைவெளி 3 செக்கன் எண்டாலும் இருக்கோணும். மேரி பட் ரோவ் எண்ட கல்வி ஆய்வாளர் அமெரிக்க வகுப்பறையளில பார்த்தது ஆசிரியர் சராசரியா 1 செக்கன்தான் பொறுக்கிறார் எண்டு. 3க்குக் கூடினால் பிள்ளையள் நீளமா, காரணத்தோட பதில் சொல்லுதுகள். பிறகு அந்த "விளங்கிச்சோ?" அதுக்கு வகுப்பே சேர்ந்து "ஓம் ரீச்சர்ர்ர்" எண்டு இழுக்கும். அதை மதிப்பீடு எண்டு குறிப்பில எழுதவேண்டாம், தயவுசெய்து.

தீவகம்

மேல எல்லாரும் ஒரு வகுப்பு, ஒரு ஆசிரியர் எண்ட கணக்கில எழுதியிருக்கிறியள். குறிகாட்டுவான் இறங்குதுறையில படகேறிப் போற தீவுப் பள்ளிக்கூடங்களுக்கும் ஆள் வேணும் அல்லோ. பிள்ளையள் குறைஞ்ச ஆரம்பப் பாடசாலையில 3ஆம், 4ஆம் தரம் ஒரே கூரைக்குக் கீழ, ஒரே ஆசிரியரிட்ட இருக்கும். இரண்டு பாடக்குறிப்பை ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டு எழுதினால் ஆசிரியருக்கு மூச்சு வாங்கும். சுற்றாடல்சார் செயற்பாடுகளை ஒரே கருப்பொருளில சேர்த்து எடுக்கலாம், எழுத்து வேலையை மட்டும் தரத்துக்கேற்பப் பிரியுங்கோ. கணிதம் சேராது. 15 நிமிசம் ஒரு தரத்துக்கு நேரடியாக் கற்பிக்கேக்கை மற்றத் தரம் தானாச் செய்யக்கூடிய வேலையில இருக்கோணும், பிறகு மாறோணும். அந்த "தானாச் செய்யக்கூடிய" வேலை முதல் நாள் படிச்சதாக இருக்கட்டும். புதுசைக் கொடுத்தால் 2 நிமிசத்தில வரிசையில வந்து நிப்பினம்.

முறையியல்

நுண்கற்பித்தலைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. 1960களில ஸ்ரான்போர்ட்டில தொடங்கின முறை அது: சின்னக் குழு, 5 தொடக்கம் 10 நிமிசம், ஒரே ஒரு திறன், பின்னூட்டல், திரும்ப ஆயத்தம், திரும்பக் கற்பித்தல். எங்கட ஆக்கள் வெட்டுறது கடைசி இரண்டையும். தொகுதி பெரிசு, நேரமில்லை எண்டு சொல்லுவினம். திரும்பக் கற்பிக்காட்டி மிச்சம் வெறும் நாடகம். அதைவிட 4 நிமிசமாக் குறைச்சு இரண்டு தரம் செய்விக்கலாம். பிள்ளையா இருக்கிற சகபாடியளும் ஆகத் திறமான பிள்ளையளா நடிப்பினம். இரண்டு பேருக்குத் துண்டு கொடுங்கோ: ஒருத்தருக்கு "2/5 எண்டு சொல்லு", மற்றவருக்கு "கேட்டால் பேசாமல் இரு".

கணிப்பீட்டு ஒப்படையைப் பற்றியும் சொல்லோணும், பயிலுநர் தான் வைச்ச சோதனையின்ர வினாக்களை ஆராய்ஞ்சு தாற வேலை அது. 40 பேரின்ர விடைத்தாளை மொத்தப் புள்ளிப்படி அடுக்கி, மேல 27 வீதம், கீழ 27 வீதம் எடுத்தால் பக்கத்துக்கு 11 பேர். ஒரு வினாவை மேற்குழுவில 9 பேரும் கீழ்க்குழுவில 4 பேரும் சரியாச் செய்திருந்தால் வசதிச்சுட்டி (எத்தினை பங்கு பேர் சரியாச் செய்தவை எண்டது) 13/22, ஏறக்குறைய 0.59, பாகுபாட்டுச் சுட்டி (மேற்குழுவையும் கீழ்க்குழுவையும் வினா எவ்வளவு பிரிக்குது எண்டது) 5/11, ஏறக்குறைய 0.45. நல்ல வினா. பாகுபாட்டுச் சுட்டி மறையாக (பூச்சியத்துக்குக் கீழ) வந்தால் முதல்ல பார்க்கவேண்டியது விடைப்பட்டியலை, பிறகு வினாவின்ர சொல்லமைப்பை. எல்லா வினாவும் 0.4க்கு மேல வந்த ஒப்படை வந்தால், எண்ணுகள் சோடிச்சதோ எண்டு விடைத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கோ.

மேற்பார்வைக்காரர்

மதிப்பீட்டுப் படிவத்தில "நன்று. குரல் போதாது" எண்டு எழுதிப்போட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கிற மேற்பார்வையால ஒரு பிரயோசனமும் இல்லை. பின்வாங்கில இருந்து இருக்கை வரைபடம் ஒண்டு கீறுங்கோ. ஆரைக் கேட்டாரோ அந்தப் பெட்டியில ஒரு புள்ளி. பாடம் முடிய அந்தத் தாளைப் பயிலுநரின்ர கையில கொடுத்தால் போதும்; புள்ளியள் முன்வரிசையிலயும் நடுவிலயும் குவிஞ்சு, யன்னல் கரை வெறுமையாக் கிடக்கிறதை அவரே பார்ப்பார். இரண்டு விசயத்துக்கு மேல சொல்லவேண்டாம். ஆனால் அண்டைக்கே, பள்ளிக்கூடம் விட முதல் சொல்லோணும். அடுத்த கிழமை சொன்னால் அவருக்குப் பாடம் மறந்திருக்கும், உங்களுக்கும்தான்.

கணக்கு ரீச்சர்

அது சரி சேர், ஆனால் பாட ஆசிரியரையும் அந்தக் கதையில இருத்துங்கோ. நீங்கள் வாறது எப்பாவது, அவர் நாளாந்தம் பக்கத்து வகுப்பில நிக்கிறார். பயிலுநர் வந்தால் தனக்கு ஓய்வு எண்டு நினைக்கிற பாட ஆசிரியரும் இருக்கினம்தான். கையில அந்த வரைபடத்தைக் கொடுத்தால் நினைப்பு மாறும்.

வண்ணை வாத்தியார்

திகதியைப் பற்றி ரண்டு பேர் உள்பெட்டியில கேட்டவை. முதலாம் தவணையில எண்டால் இல்லங்களுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டித் திகதியை அதிபரிட்டக் கேட்டுப்போட்டு மேற்பார்வைக்கு நாள் கொடுங்கோ. போட்டிக்கு முந்தின இரண்டு கிழமையும் இடைவேளைக்குப் பிறகு வகுப்பில பாதிப்பேர் மைதானத்தில. 1ஆம் பாடவேளையையும் 8ஆம் பாடவேளையையும் கொடுக்காதேங்கோ. முதலாவதில வரவு இடாப்பும் பிந்தி வாறவையும், எட்டாவதில புத்தகப் பை தோளில. 3ஆம் பாடவேளை கிடைச்சால் விடாதேங்கோ.