இடது இண்டிகேட்டர் மட்டும் மெதுவாக மினுக்குகிறது, பிளாஷர் மாற்றியும் சரியாகவில்லை (1969 எம்ஜிபி)

பழையசக்கரம்:
வணக்கம். மூன்று வாரமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

வண்டி 1969 எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), நெகட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் பாடியோடு இணைந்தது. ஒயரிங் பெரும்பாலும் வண்டியோடு வந்ததுதான். வலது இண்டிகேட்டர் போட்டால் நிமிடத்துக்கு 80 முறை மினுக்குகிறது. இடது போட்டால் 45தான். பகலில் அப்படியாவது ஓடுகிறது. இரவில் பார்க்கிங் லைட்டும் எரிய, பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது இடது பக்கம் மினுக்கவே மினுக்காமல் எரிந்தபடி நிற்கிறது. நான் திரும்பப் போகிறேன் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? அதுதான் பயமாக இருக்கிறது.

பிளாஷரை (இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் சின்ன டப்பா) இரண்டு முறை மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது இரண்டு முனை உள்ள 8எஃப்எல் வகை. நான்கு பல்புகளும் புதிது, எல்லாம் 21 வாட். பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து நான்கு விளக்குகளின் எர்த்தையும் பார்த்தேன், நான்கிலும் பீப் வந்தது, அதனால் எர்த் சரியாகத்தான் இருக்கிறது. ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

இன்னொன்று. இரவில் சுவருக்கு எதிரே நிறுத்திப் பார்த்தபோது, இடது இண்டிகேட்டர் எரியும் ஒவ்வொரு முறையும் அதே பக்கத்து பார்க்கிங் லைட் கொஞ்சம் மங்குகிறது. அந்த பல்பு பழசு என்பதால் இருக்கலாம்.

நாலாவதுகியர்:
எனக்கும் இதே தொல்லை இருந்தது. நான்கு பல்பையும் எல்இடி ஆக்கி, எலெக்ட்ரானிக் பிளாஷர் போட்டேன். அதற்குப் பிறகு ஒரே சீராக மினுக்குகிறது. பழைய சூட்டுப் பிளாஷரை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

செம்புக்கம்பி:
சக்கரம் தம்பி, சுவிட்சைக் கழற்றாதீர்கள். பிளாஷரையும் இனி வாங்காதீர்கள். பேட்டரியிலிருந்து பியூஸ், பிளாஷர் வரை இரண்டு பக்கத்துக்கும் ஒரே பாதை. வலது பக்கம் 80 முறை மினுக்குகிறது என்றால் அந்தப் பாதை வலது பக்கத்துக்குத் தேவையான கரண்டைக் கொடுக்கிறது என்றுதானே பொருள்? பாதை பிரிவது சுவிட்சில். இடதுக்குப் பச்சையில் சிவப்புக் கோடு போட்ட ஒயர், வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு. குறை அந்தப் பச்சை-சிவப்பு ஒயருக்கு அப்புறம்தான் எங்கோ இருக்கிறது.

எங்கே என்பதை உங்கள் கடைசி வரியே சொல்லிவிட்டது. இண்டிகேட்டர் எரியும்போது பார்க்கிங் லைட் மங்குகிறது என்றீர்களே, அது பல்பின் வயசு இல்லை. அந்த இரண்டு விளக்கும் முன்பக்கத்தில் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன, இரண்டுக்கும் ஒரே கறுப்பு எர்த் ஒயர். அந்த எர்த்தில் எங்கோ அடைப்பு இருக்கிறது. ஒரு விளக்கு எரிந்தால் அதன் கரண்ட் வெளியேற முடியாமல் முட்டி, அடுத்த விளக்குக்குக் கிடைக்க வேண்டிய வோல்ட்டைத் தின்கிறது. எர்த் முழுசாக அறுந்திருந்தால் இன்னும் விசித்திரமாகப் பார்த்திருப்பீர்கள்: இண்டிகேட்டரின் கரண்ட் பார்க்கிங் லைட்டின் இழை வழியாகப் பின்னோக்கிப் போய் மற்ற பார்க்கிங் லைட்டுகளையும் லேசாக மினுக்க வைக்கும்.

பீப் வந்ததை நம்பியதுதான் உங்களைச் சுற்றவிட்டது. பெரும்பாலான மீட்டர்களில் சில பத்து ஓம் இருந்தால்கூட பீப் வரும். அந்தச் சோதனையில் மீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது, ஒயரில் ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும். 21 வாட் பல்புக்கோ 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் வேண்டும். வழியில் 3 ஓம் இருந்தால் நான்கு வோல்ட் அங்கேயே போய்விடும்.

பிளாஷர் ஏன் மெதுவாகிறது என்பதும் இதிலேயே வருகிறது. 8எஃப்எல் உள்ளே ஒரு உலோகத் தகடு இருக்கிறது. விளக்குக்குப் போகும் கரண்ட்டே அதைச் சூடாக்கி வளைத்துத் தொடர்பைப் பிரிக்கிறது, ஆறியதும் மறுபடி சேர்கிறது. ஒரு பக்கத்து இரண்டு பல்பும் சேர்ந்து 3.5 ஆம்பியர் இழுக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அது செய்யப்பட்டது. கரண்ட் குறைந்தால் சூடாக நேரம் பிடிக்கும், ரொம்பவும் குறைந்தால் தகடு பிரியாமலே நின்றுவிடும். உங்கள் விளக்கு மினுக்காமல் எரிந்து நிற்பது அப்படித்தான். மெதுவாக மினுக்குவதன் மூலம் அந்தப் பிளாஷர் உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது. எலெக்ட்ரானிக் பிளாஷர் போட்டால் அந்தச் செய்தி நின்றுபோகும், எர்த் மட்டும் அப்படியே கெட்டிருக்கும். எனக்கு எலெக்ட்ரானிக் பிளாஷர் மேல் வெறுப்பு எதுவும் இல்லை. குறையைக் கண்டுபிடித்த பிறகு தாராளமாகப் போடுங்கள்.

சரி, அளந்து பார்த்துவிடுவோம். பிளாஷரைக் கழற்றி, அதில் வந்து சேரும் பச்சை ஒயரையும் இளம்பச்சை-பழுப்பு ஒயரையும் ஒரு சின்ன ஒயர் துண்டால் இணையுங்கள். இப்போது இண்டிகேட்டர் மினுக்காமல் நின்று எரியும், மீட்டரில் எண் குதிக்காது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் தலையிலேயே வையுங்கள், பாடியில் வைக்க வேண்டாம். சிவப்பு முனையை பல்பு ஹோல்டரின் உலோகத்தில் வையுங்கள். எர்த் நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. நான்கு விளக்கிலும் பார்த்து எழுதுங்கள்.

கைவிளக்கு:
மீட்டர் இல்லாதவர்கள் இதைப் படித்தால்: பல்பு ஹோல்டரின் உலோகத்திலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு தடித்த ஒயர் கொடுத்துப் பாருங்கள். உடனே வேகம் கூடினால் எர்த்தான். இரண்டே நிமிட வேலை.

பழையசக்கரம்:
செம்புக்கம்பி அண்ணா, அளந்துவிட்டேன். வலது முன் 0.08, வலது பின் 0.11, இடது பின் 0.12. இடது முன் 3.9! பார்க்கிங் லைட்டையும் போட்டால் 4.6. பீப் வந்த அதே விளக்குதான். எனக்கே நம்ப முடியவில்லை. கைவிளக்கு சொன்னபடி தனி ஒயரும் கொடுத்துப் பார்த்தேன், இடது முன் விளக்கு பளிச்சென்று எரிந்தது. இத்தனை நாளும் அது பாதி வெளிச்சம்கூட இல்லாமல் எரிந்திருக்கிறது.

இனி எங்கே தேட வேண்டும்? விளக்குக் கூட்டையே மாற்றிவிடலாமா?

செம்புக்கம்பி:
மாற்ற வேண்டாம். மீட்டரின் கறுப்பு முனையை அசைக்காமல், சிவப்பு முனையை மட்டும் கறுப்பு ஒயர் போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டியதும் 3.9 சட்டென்று பூஜ்யத்துக்குப் பக்கமாக விழுகிறதோ, குறை அந்த இணைப்புக்குள்தான். முன்பக்க புல்லட் கனெக்டர்களை (ஒயர் முனையில் இருக்கும் புல்லட் வடிவ உலோகத்தைச் செருகும் இணைப்பு) முதலில் பாருங்கள். ரப்பர் உறை வெளியே நன்றாக இருக்கும், உள்ளே களிம்பு பிடித்திருக்கும். மழைத் தண்ணீர் முதலில் தாக்கும் இடம் அது.

பழையசக்கரம்:
கண்டுபிடித்துவிட்டேன் அண்ணா. புல்லட் கனெக்டருக்கு முன்னால் 3.8, அதைத் தாண்டினால் 0.1. ரப்பரை உரித்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. புல்லட்டைத் தொட்டதும் ஒயரிலிருந்து பிரிந்து கையோடு வந்துவிட்டது. மூன்றோ நான்கோ இழைகள்தான் ஒட்டிக்கொண்டிருந்தன. கறுத்த செம்பை வெட்டிவிட்டு, சுத்தமான இடத்தில் புதுப் புல்லட்டை சால்டர் வைத்து, கனெக்டரையும் புதிதாகப் போட்டேன். இப்போது 0.09. இடது 77, வலது 80. பார்க்கிங் லைட்டும் மங்கவில்லை.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஐட்லிங்கில் பிரேக்கை மிதித்து, ஹீட்டர் ஃபேனும் ஓடினால் இரண்டு பக்கமும் 60க்கு இறங்கிவிடுகிறது. வலது பக்கமும் இப்படி இறங்கும் என்று இதுவரை நான் கவனித்ததே இல்லை.

நாலாவதுகியர்:
என் யோசனை இங்கே பொருந்தாமல் போனது, மன்னிக்கவும். இதைப் படித்துவிட்டு என் வண்டியையும் அளந்தேன். பின் விளக்கு ஒன்றில் 1.8 வோல்ட் போகிறது. எல்இடிக்குக் கரண்ட் குறைவாகவே வேண்டும் என்பதால் அந்தக் குறை வெளியே தெரியவே இல்லை. இத்தனைக்கும் அதே கூட்டில் இருக்கும் பிரேக் லைட் இன்னும் சாதாரண 21 வாட் பல்புதான். அது மங்கலாக எரிந்திருக்கும், நான் பார்க்கவில்லை. ரொம்ப நன்றி.

செம்புக்கம்பி:
நாலாவதுகியர், மன்னிப்பு எதற்கு? நீங்கள் அளந்து பார்த்ததே பெரிய விஷயம். உடனே சரிசெய்துவிடுங்கள், பிரேக் லைட் விஷயம்.

சக்கரம் தம்பி, இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கினால் இந்த முறை பொதுப் பாதை. இரண்டாவது குறை ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது, முதல் குறை அதை மூடி வைத்திருந்தது. இரவில் பிரேக்கை மிதித்தபோது மட்டும் இடது பக்கம் நின்றுபோனதும் இரண்டும் கூடியதால்தான். பச்சை ஒயரில்தான் பிரேக் லைட், வைப்பர், ஹீட்டர் ஃபேன், இண்டிகேட்டர் எல்லாம் ஓடுகின்றன, எல்லாம் ஒரே பியூஸ் வழியாக. பிரேக்கும் ஃபேனும் இண்டிகேட்டரும் ஓடும்போது, பியூஸ் பெட்டியில் வெள்ளை ஒயர் முனைக்கும் பச்சை ஒயர் முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். கையால் பியூஸ் கிளிப்பையும் தொட்டுப் பாருங்கள்.

பழையசக்கரம்:
0.9 வோல்ட். கிளிப் நன்றாகச் சுடுகிறது. ஒரு பக்கக் கிளிப்புக்கும் பியூஸின் மூடிக்கும் நடுவில் மட்டுமே 0.7. பெரிய பியூஸாகப் போட்டால் சூடு குறையுமா?

செம்புக்கம்பி:
கூடவே கூடாது. சூடு வருவது பியூஸ் சின்னதாக இருப்பதால் இல்லை, தொடும் இடம் கெட்டுப்போனதால். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: லூகாஸ் (இந்த வண்டியின் மின்பாகங்களைச் செய்த கம்பெனி) பியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இப்போது வரும் வேறு வகைக் கண்ணாடி பியூஸ்களில் 35 என்றால் தொடர்ந்து 35 தாங்கும். அதைப் போட்டால் பியூஸுக்கு முன்னால் ஒயர் எரியும். பழைய ஒயரிங்கில் அந்த விளையாட்டே வேண்டாம்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பியூஸ் பெட்டிக்கு வரும் பழுப்பு ஒயரில் சாவி போடாவிட்டாலும் கரண்ட் இருக்கும். பிறகு கிளிப்பின் உள்பக்கத்தை நைசான உப்புத்தாளால் தேய்த்து, மூக்குக் குறடால் லேசாக நெருக்கி, புதுப் பியூஸ் போடுங்கள். சூட்டில் கிளிப் இறுக்கம் இழந்திருந்தால் பெட்டியையே மாற்றுவதுதான் நல்லது. பெட்டியின் பின்னால் ஒயர் செருகும் முனைகளையும் ஒருமுறை கழற்றிச் செருகுங்கள்.

பழையசக்கரம்:
செய்துவிட்டேன். 0.9 இருந்த இடத்தில் இப்போது 0.15. பிரேக், ஃபேன், பார்க்கிங் லைட் எல்லாம் ஓடும்போதே இடது 74, வலது 75. வைப்பர்கூட முன்னைவிட வேகமாக ஓடுகிறது, அதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நேற்று இரவு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு திருப்பத்தில்கூட நிற்கவில்லை.

அண்ணா, கைவிளக்கு, இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. வலது பக்கத்து புல்லட் கனெக்டரும் அதே வயசுதான் என்பதால் இந்த வாரமே அதையும் உரித்துப் பார்க்கப் போகிறேன்.

செம்புக்கம்பி:
பாருங்கள். கிரில்லுக்குப் பின்னால் ஹெட்லைட்டின் கறுப்பு ஒயர்களும் அப்படித்தான் சேரும், அங்கேயும் ஒருமுறை மீட்டரை வையுங்கள். பழைய பிளாஷர் இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள், இரண்டும் நல்லதாகவே இருக்கும்.