நியோ ஜியோ எம்விஎஸ் போட்: பற்றரி ஒழுகிக் கிடக்கு, காப்பாத்தலாமோ?

கொக்குவிலான்:
மாமா கனடாவிலை இருந்து வரேக்கை ஒரு எம்விஎஸ் போட், அதுதான் கேம் கடை மெஷினுக்குள்ளை இருக்கிற நியோ ஜியோ போட், கொண்டந்து தந்தவர். ஒரு காட்றிஜ் மட்டும் போடுற சாதி. கூடவே மெட்டல் ஸ்லக் கேம் காட்றிஜ். பற்றரியைச் சுத்திப் பச்சையாப் பூத்துப் போய்க் கிடக்கு.

1990இலை எஸ்என்கே எண்ட யப்பான் கேம் கொம்பனி இதை வெளியிட்ட அதே வருசம்தான் எங்கடை ஊரிலை கரண்ட் நிண்டது. சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டு வளந்தவன் நான். இதை முதல் கண்டது 2003இலை, வெள்ளவத்தையிலை ஒரு கேம் கடையிலை. கையிலை கிடந்த சில்லறை முழுக்க முடிஞ்சுது. மகனோடை சேந்து விளையாட ஆசை. போட் தேறுமோ? இல்லாட்டி வீட்டு மெஷின் ஏஇஎஸ் ஒண்டு வாங்கி அதிலை இந்தக் காட்றிஜைச் செருகலாமோ?

குருநகர் றேடியோ:
செருகேலாது தம்பி. உள்ளுக்கை ரெண்டும் ஒண்டுதான்: 12 மெகாஹேர்ட்ஸ் மோட்டரோலா 68000 புறொசெசர், பக்கத்திலை இசட்80 எண்ட இன்னொரு புறொசெசர். ஆனா காட்றிஜ் செருகிற இடத்து பின்னுகளின்ரை (pin) ஒழுங்கு வேறை, இடையிலை கன்வேர்ட்டர் வேணும். மெமரி கார்ட் மட்டும் ரெண்டுக்கும் பொது. கடையிலை விட்ட இடத்திலை இருந்து வீட்டிலை தொடரலாம், அந்தக் காலத்திலை அது பெரிய விசயம்.

போட்டுக்கு இப்ப கரண்ட் குடுக்காதை! அது 3.6 வோல்ட் நிக்கல் கட்மியம் பற்றரி, ஒழுகினது காரம், அமிலத்துக்கு எதிரானது. முதல் அதை வெட்டி எடு. வினாகிரி தொட்டுப் பழைய பல்லுப் பிறஸ்ஸாலை தேய், தண்ணியாலை கழுவு, பிறகு ஐசோபுறப்பைல் அல்ககோல், நல்லாக் காய விடு. அதுக்குப் பிறகு லென்ஸைப் பிடிச்சு ஒவ்வொரு செம்புக் கோட்டையும் மீற்றராலை பார். அறுந்த இடத்துக்கு மெல்லிய வயர் சோல்டர் பண்ணு. எங்கடை உப்புக் காத்திலை மிச்சம் வைச்ச பச்சை திரும்பப் பரவும், நான் எத்தினை அம்பிளிபயரிலை கண்டனான்.

பற்றரி இல்லாமலும் ஆட்டம் ஓடும், செற்றிங்ஸ் மட்டும் நிக்காது. சீஆர்2032 எண்ட காசு மாதிரி வட்டச் செல் போடுறதெண்டா, கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுற டயோட் கட்டாயம். போட் அதைச் சார்ஜ் பண்ணப் பாக்கும், அந்தச் செல் சார்ஜ் தாங்காது.

சுண்டுக்குளிப் பெடியன்:
அண்ணை, படம் ஆர்ஜிபியாத்தான் வரும், சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா, பழைய ரிவியளின்ரை 15 கிலோஹேர்ட்ஸ் வேகத்திலை. புது ரிவியிலை நேரை குடுக்கேலாது, மாத்திற பெட்டி வேணும்.

கொக்குவிலான்:
வெட்டியாச்சு. பற்றரிக்குக் கீழை ரெண்டு கோடு அறுந்து கிடக்கு. மகன் லென்ஸ் பிடிக்க நான் மீற்றர் வைச்சுப் பாத்தனான். குருநகர் அண்ணை, அவ்வளவு மெல்லிய வயர் பழைய இயர்போனிலை இருந்து உருவினாக் காணுமோ?