மறு: கலைச்சொல் – கற்பனை இனத்தின் காவல் கடவுள்: ‘மறைகுலதெய்வம்’ சரிதானா?

> ஓர் இனத்தைக் காக்கிற, ஆனால் தன்னை வெளிக்காட்டாத கடவுளுக்கு ‘மறைகுலதெய்வம்’ எனலாமா?

வணக்கம்.

குலதெய்வம் என்றால் யாருக்கும் சட்டென்று புரியும், உண்மைதான். ஆனால் ஒரு சொல்லை ஏற்பதற்கு முன் அதை ஒரு கதைக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் படைத்த குள்ளர்கள் என்ற கற்பனை இனத்தின் கடவுளை எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் அவரை மகல் என்கிறார்கள். (மஹால் என்று எழுதினால் திருமலை நாயக்கர் வந்து நிற்பார். மூலத்தில் நெடில் குறி இல்லை.)

1977இல் வெளிவந்த ‘சில்மரில்லியன்’ நூலில் இவர் கதை வருகிறது. மற்றவர்களுக்கு இவர் அவுலே, கைவினைகளின் கடவுள். தன் கலையைக் கற்றுத்தர மாணவர்கள் வேண்டும். உலகில் மக்கள் தோன்றும்வரை பொறுக்க முடியவில்லை. மற்றக் கடவுளர் குறை சொல்வார்களே என்று, மலைக்கடியில் ஒரு கூடத்தில் யாருக்கும் தெரியாமல் குள்ளர்களின் ஏழு தந்தையரைச் செய்கிறார். முழுமுதற் கடவுளான இலூவதாருக்குத் தெரிந்துவிடுகிறது. செய்ததையெல்லாம் உடைத்துவிட அழுதபடியே சம்மட்டியை ஓங்குகிறார் அவுலே. அந்த ஏழு பேரும் அஞ்சி ஒடுங்கி, இரக்கம் கேட்கிறார்கள். அந்த அச்சமே அவர்களுக்குத் தனி உயிர் வந்துவிட்டதற்குச் சான்று. எல்ஃப்கள் என்ற மூத்த இனம் விழிக்கும்வரை அவர்கள் உறங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு இலூவதார் ஏற்றுக்கொள்கிறார்.

இங்கே ‘குலதெய்வம்’ இடிக்கிறது. தந்தையர் ஏழு பேர், குலங்களும் ஏழு. மோரியா என்ற நிலத்தடி நகரை ஆண்ட டூரினின் குலம் அவற்றில் ஒன்று. மகல் ஏழுக்கும் பொது. நம்மிடையே ஒரே தெருவில்கூடக் குலதெய்வம் வீட்டுக்கு வீடு மாறும். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளி, பெண் கொடுத்து எடுக்க மாட்டோம் என்பது பல ஊர்களில் வழக்கம். மகலைக் குலதெய்வம் என்றால் குள்ளர் இனம் முழுவதும் பங்காளிகளாகிவிடும்!

‘திணைத்தெய்வம்’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. சேயோனுக்கு மலை, மாயோனுக்குக் காடு என்று தொல்காப்பியம் தெய்வத்தை நிலத்தோடு கட்டுகிறது. டூரினின் குலமோ, கதையின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 1981இல், மோரியாவை விட்டு ஓடுகிறது. பிறகு எரேபோர் மலையில் குடியேறியவர்களை 2770இல் ஸ்மாக் என்ற டிராகன் துரத்துகிறது. நிலம் மாறிக்கொண்டே இருக்கிறது, தெய்வம் மாறவில்லை.

‘வழிபடு தெய்வம் நிற்புறங் காப்ப’ என்ற தொல்காப்பியத் தொடர் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் குள்ளர்களுக்குக் கோயிலோ பூசாரியோ கதையில் காட்டப்படவில்லை. வழிபாடே தெரியாத இடத்தில் அந்தப் பெயர் எப்படிப் பொருந்தும்?

எனவே என் பரிந்துரை குடித்தெய்வம். குடி என்பது குலத்தைவிட விரிந்தது. குடி பெயர்ந்தால் தெய்வமும் கூடவே போகும். மது நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். குடியரசு, குடியுரிமை என்று நாள்தோறும் சொல்கிறோம், யாரும் தடுமாறுவதில்லை.

அப்புறம் ‘மறை’. மறைத்தெய்வம் என்றால் வேதத் தெய்வம் என்றும் படிக்கலாம். ‘ஒளி’யைச் சேர்த்தால் வெளிச்சத்தின் கடவுளாகிவிடும். ‘கரவு’ வஞ்சகத்தைச் சுமக்கிறது. ஆனால் ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுள் மறைந்திருக்கும் கரந்துறைப் பாட்டு நம் சித்திரகவியில் ஏற்கெனவே உண்டு. அதில் வஞ்சக வாடை இல்லை. ஆகவே தன் மக்களுக்கே முகம் காட்டாமல் வாழும் கடவுளைக் கரந்துறை குடித்தெய்வம் எனலாம்.

ஆனால் மகலுக்கு அந்த அடைமொழியைக் கொடுக்க மாட்டேன். அவர் மறைத்தது ஒரே ஒரு செயலை. மற்றபடி செய்வதில்தான் அவருக்கு மகிழ்ச்சி. செய்ததைப் பதுக்காமல் பிறருக்குக் கொடுத்துவிடுகிறவர். தங்கள் மொழியையும் உட்பெயரையும் அந்நியரிடமிருந்து மறைப்பது குள்ளர்கள்தான். கல்லறையில்கூட அந்தப் பெயரைப் பொறிப்பதில்லை. மக்களின் குணத்தைத் தெய்வத்தின் மேல் ஏற்றக் கூடாது.

ஆகையால் கலைச்சொல் பட்டியலில் ‘குடித்தெய்வம்’ தலைச்சொல்லாக இருக்கட்டும். ‘கரந்துறை’ தனி அடைமொழியாக, தேவைப்படும் இடத்தில் மட்டும் வரட்டும். மறுப்பு இருந்தால் ஒரு கதையோடு எழுதுங்கள், அதிலும் போட்டுப் பார்ப்போம்.