கியர்பெட்டி உறையில் மரை போனால்: சுருளா, புஷ்ஷா?

வண்டு1965:
"கியர்பெட்டி உறையில் மரை போன துளைக்கு ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் எஃகுக் கம்பிச் சுருள்) போடுவது, கிழிந்த டியூபுக்கு ஒட்டுப் போடுவதைப் போன்றது; உள்ளும் வெளியும் மரை வெட்டிய எஃகுக் குழலான புஷ் ஒன்றே நிரந்தரத் தீர்வு" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. என்னுடைய 1965 வோல்க்ஸ்வாகன் பீட்டில் காரின் கியர்பெட்டியில் பக்கமூடியைப் பிடிக்கும் 8 மில்லிமீட்டர் ஸ்டட் (இரு முனையிலும் மரையுள்ள, தலையில்லாத போல்ட்) ஒன்று, நட்டை இறுக்கும்போதே உறையின் மரையையும் உரித்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. 8.3 மில்லிமீட்டர் துளையிட்டு, சுருளுக்குரிய டேப்பை (மரை வெட்டும் கருவி) அடித்து, சுருளை மேற்பரப்பிலிருந்து அரைச்சுற்று கீழே இறக்கி, அதன் வாலை ஒடித்து வெளியே எடுத்தேன். பிறகு நான்கு முறை அந்த மூடியைக் கழற்றி மாட்டியாயிற்று, இம்மியும் அசையவில்லை. ஹெலிகாயில் போட்ட மரை, ஆலையில் வெட்டிய மரையைவிட வலிமையானது. இதை எங்கும் சொல்வேன்.

கடைசல்காரர்:
எழுதியவன் நான்தான், பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 30 ஆண்டுகளாக லேத்தில் நிற்கிறேன். சுருள் என்பது கம்பி. கம்பி ஒருநாளும் மரை ஆகாது. ஸ்டட்டைக் கழற்றும்போது அதனுடன் சேர்ந்து சுருளும் சுழன்று வெளியே வந்த அலுமினிய உறைகள் எத்தனையோ என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. வெளியே 12, உள்ளே 8 மில்லிமீட்டர் மரை வெட்டிய எஃகு புஷ்ஷைக் கடைந்து இறக்கினால் அது அந்த உறையின் ஆயுள்வரை இருக்கும். ஆலை மரையைவிட வலிமையானது என்ற பேச்சைத் தயவுசெய்து புதியவர்களிடம் சொல்லாதீர்கள்.

நுண்ணளவி:
இருவரும் "வலிமை" என்று எதைச் சொல்கிறீர்கள்? நேராக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வராமல் இருப்பதையா, பலமுறை கழற்றி மாட்டினாலும் தேயாமல் இருப்பதையா? சுருளின் வெளிவிட்டம் ஸ்டட்டைவிடப் பெரியது. ஆகவே உறையின் மென்மையான உலோகத்தில் பிடிக்கும் பரப்பு கூடுகிறது. சாதாரண மரையில் முதல் சுற்றே சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்க நேர்கிறது; சுருள் சற்று நெகிழ்வதால் அந்தச் சுமை அடுத்த சுற்றுகளுக்கும் பரவுகிறது. இழுவையைப் பொறுத்தவரை வண்டு சொல்வது சரி. கழற்றும்போது சுருள் கூடவே வரக்கூடும் என்பதும் உண்மை. முதலில் பொருளை வரையறுத்துக்கொள்வோம்.

கடைசல்காரர்:
வரையறை பட்டறையில் எடுபடாது. கம்பி கம்பிதான்.

வண்டு1965:
"அலுமினிய உறைகள்" என்றீர்களே, பீட்டிலின் கியர்பெட்டி உறை மக்னீசியக் கலவை என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? 1961 மாடலில் இரண்டு பாதிகளாக இருந்த உறை ஒரே வார்ப்பாக மாறியபோதும் உலோகம் மக்னீசியமாகவே இருந்தது. அலுமினியத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் அதற்கு. அதன் சீவல் தீப்பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும். உலோகத்தின் பெயரே தெரியாதவரிடம் வலிமையைப் பற்றி நான் பாடம் கேட்க வேண்டுமா?

கடைசல்காரர்:
என் பட்டறைக்கு வந்தவை அலுமினியம், அதனால் அலுமினியம் என்றேன். மக்னீசியம் என்றால் உங்கள் கட்சி இன்னும் பலவீனமாகிறது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை மக்னீசியத்துக்குள் சுற்றி வைத்து, அதில் ஈரமும் சேர்ந்தால், மக்னீசியம்தான் அரிக்கப்படும். சென்ற ஆண்டு எண்ணெய்க் கசிவு விவாதத்திலும் இதே போலத்தான் பாதியைச் சொல்லி மீதியை விட்டீர்கள். கடைசியில் கசிந்தது நான் சொன்ன இடத்தில்தான்.

வண்டு1965:
உங்கள் புஷ் மட்டும் மரத்தாலானதா? அதுவும் எஃகுதானே? ஆலையில் மாட்டிய ஸ்டட்டும் எஃகுதான். கசிவு விவாதத்தை இங்கே இழுக்காதீர்கள். அன்று கசிந்தது கேஸ்கெட், நீங்கள் சொன்ன சீல் அல்ல. மீண்டும் சொல்கிறேன்: ஆலை மரையைவிட ஹெலிகாயில் வலிமையானது.

தெற்குக்காற்று:
அண்ணன்மார்களே, 10 மில்லிமீட்டர் டேப் அடித்து, ஒரு முனை 10, மறுமுனை 8 என்று படி வைத்த ஸ்டட்டை மாட்டினால் சுருளும் வேண்டாம், புஷ்ஷும் வேண்டாமே?

கடைசல்காரர்:
தம்பி, அது திரும்பவும் அதே மென்மையான உலோகத்தில் வெட்டிய மரைதான். அடுத்த முறை போனால் பிறகு எதை வெட்டுவீர்கள்?

வண்டுவுக்கு ஒன்று. 1970களில் பீட்டில் என்ஜின் உறையில் சிலிண்டர் ஹெட் ஸ்டட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டு வருவதைத் தடுக்க வோல்க்ஸ்வாகனே எஃகுச் செருகிகளைப் பொருத்தியது. அவை திடமான செருகிகள், சுருள் அல்ல. அதே மக்னீசியம், அதே நோய், அவர்கள் தேர்ந்தெடுத்த மருந்து புஷ். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

வண்டு1965:
சிலிண்டர் ஹெட்டை ஒவ்வொரு வெடிப்பும் இழுக்கிறது. சூடேறி ஆறும்போதெல்லாம் உறையும் சிலிண்டரும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. பக்கமூடிக்கு அந்த வேதனை கிடையாது. நட்டின் இறுக்கமே சுமார் 2 கிலோகிராம்-மீட்டர்தான்.

கடைசல்காரர்:
கிடையாதா? அந்த மூடிதான், இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலின் பேரிங்கை அழுத்திப் பிடிக்கிறது. கிளட்சை விடும் ஒவ்வொரு முறையும் அதன் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீல் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) வைத்து நுணுக்கமாக அமைத்த இடைவெளி, ஒரு ஸ்டட் தளர்ந்தாலே போய்விடும். அங்கே கம்பியை நம்புபவர் நம்பட்டும். நான் நம்பமாட்டேன்.

நுண்ணளவி:
துளையைச் சுற்றி எவ்வளவு சதை இருக்கிறது என்று யாராவது அளந்தீர்களா? 12 மில்லிமீட்டர் புஷ்ஷுக்கு அங்கே இடமே இல்லாமல் போகலாம்.

கடைசல்காரர்:
இடம் இருக்கிறது. நான் போட்டிருக்கிறேன்.

வண்டு1965:
எந்த உறையில்? அலுமினியத்திலா? என் மூடி நான்கு முறை கழன்று மாட்டியது. சுருள் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

கடைசல்காரர்:
ஐந்தாவது முறை கழற்றிவிட்டு வந்து எழுதுங்கள்.